பட்டறைக் கேள்வி – பதில்: தரையைப் பார்த்து வண்டி கட்டுங்கள்

வெல்டிங் மெஷினையும் சிலிண்டரையும் ஏற்றித் தள்ளிக்கொண்டு போகும் வெல்டிங் வண்டி பற்றிய கடிதங்கள் சேர்ந்துகொண்டே போனதால் இந்த இதழில் பக்கம் முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டேன். பல கடிதங்களில் முதல் கேள்வியே "எத்தனை எம்.எம். ஆங்கிள் போடலாம்?" என்றுதான் இருந்தது. ஆங்கிள் என்கிற L வடிவ இரும்பின் அளவு கடைசியாகக் கேட்க வேண்டியது. வண்டி எந்தத் தரையில் ஓடப்போகிறது, ஏற்றப்போகும் சாமான்களில் எது உயரம், எது கனம் என்று முதலில் முடிவுசெய்யுங்கள். சக்கரமும் அகலமும் அதிலிருந்தே தெரிந்துவிடும். இரும்பு அதற்கு அப்புறம்தான்.

என் பட்டறை தாராபுரம் பக்கம். இங்கே கரிசலும் சரளையும் மாறி மாறி வரும். மழை பெய்தால் கரிசலில் சக்கரம் புதையும், வெயில் காலத்தில் சரளையில் குதிக்கும். அதனால் இந்த விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் பிடிவாதம் உண்டு. அதோடு, சிலிண்டரை விளிம்பில் சாய்த்து உருட்டிக்கொண்டு போகும் சின்னப் பையன்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைக் கலக்கும். ஒரு நல்ல வண்டி இருந்தால் அந்த வேலையே இல்லை.

கேள்வி: எங்கள் பட்டறையில் ஆங்கிளில் வண்டி கட்டி, 5 அங்குல காஸ்டர் வீல் (தானே சுழன்று திரும்பும் சின்னச் சக்கரம்) நான்கு போட்டிருக்கிறோம். சிமென்ட் தரையில் அருமையாக ஓடுகிறது. கலப்பை, டிரெய்லர் வேலைக்காகத் தோட்டத்துக்குக் கொண்டுபோனால் இட்டேரியிலேயே (வேலிகளுக்கு நடுவே போகும் மண் தடம்) நின்றுவிடுகிறது. கடைசியில் இரண்டு பேர் தூக்கித்தான் போகிறோம். பெரிய காஸ்டர் மாற்றினால் போதுங்களா?
— உழவுக் கருவிப் பட்டறைக்காரர், வெள்ளகோவில்

பதில்: போதாதுங்க. ஏன் என்று கணக்கோடு சொல்கிறேன்.

5 அங்குலச் சக்கரம் 1 அங்குல உயரக் கல்லில் ஏற வேண்டும் என்றால், அந்தச் சக்கரத்தின் மேல் இருக்கும் பாரத்தைப் போல் 1.33 மடங்கு விசையில் இழுக்க வேண்டும். அதாவது இழுப்பதைவிடத் தூக்குவது சுளுவு. உங்கள் ஆட்கள் தூக்கிக்கொண்டு போவது அதனால்தான், அவர்கள் செய்வது சரியே. 8 அங்குல காஸ்டர் போட்டால் இது 0.88 மடங்காகக் குறையும். அப்போதும் கிட்டத்தட்ட முழுப் பாரம். 16 அங்குலச் சக்கரம் போட்டால் 0.55 மடங்கு, பாதிக்குச் சற்று மேல். கல்லை ஒரு வேகத்தோடு தாண்டினால் இன்னும் குறையும். கரடான தடத்தில் சக்கரத்தின் உயரம்தான் முதல் மருந்து.

இன்னொரு விஷயம் காஸ்டரின் சுழற்சி. சமதரையில் நமக்கு உதவும் அதே சுழற்சி, சரளையில் ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு பக்கம் திரும்பிக்கொண்டு குறுக்கே நிற்கும். மண்ணிலும் புல்லிலும் அது கலப்பை வேலைதான் செய்யும்.

அதனால் தோட்டத்து வண்டியைத் தனியாகக் கட்டுங்கள். நான் சொல்லும் அமைப்பு இது: இரண்டு பெரிய சக்கரம் ஒரே நேர்கோட்டில், முன்னால் ஒற்றைச் சக்கரம். பெரிய சக்கரத்துக்குப் பழைய ஸ்கூட்டரின் 3.50–10 டயர் ரிம்மோ, ஆட்டோவின் 4.00–8 டயர் ரிம்மோ பார்க்கலாம். இரண்டும் டயரோடு சேர்த்து 16, 17 அங்குல உயரம் வரும். கோவை உக்கடத்துப் பழைய இரும்புக் கடைகளில் தேடினால் கிடைக்கும், ஈரோட்டிலும் கிடைக்கும். லேத்தில் ஒரு ஹப் கடைந்து, அதில் ஃபிளேஞ்ச் வைத்து ரிம்மை போல்ட்டில் பிடித்துக்கொள்ளுங்கள். இந்த ரிம்கள் இரண்டு பாதியாக நட்டில் சேர்ந்திருப்பவை. காற்றை முழுவதும் இறக்காமல் அந்த நட்டுகளில் ஸ்பேனரை வைக்கவே கூடாது. பாதி ரிம் முகத்தில் அடிக்கும்.

ஏன் மூன்று சக்கரம்? எந்த மேடு பள்ளத்திலும் மூன்றும் தரையைத் தொட்டே நிற்கும். நான்கு சக்கரத்தை இறுக்கமான சட்டத்தில் போட்டால் எப்போதும் ஒன்று அந்தரத்தில் இருக்கும், சட்டம் முறுக்கிக்கொள்ளும், வெல்டிங் விடும். நான்குதான் வேண்டும் என்றால் டிராக்டரின் முன் ஆக்சிலைப் பாருங்கள். நடுவில் ஒரே பின்னில் (தடித்த இரும்பு முளையில்) ஆடும்படிதான் அதை வைத்திருக்கிறார்கள். அதே மாதிரி முன் ஆக்சிலை நடுவில் ஒரு பின்னில் தொங்கவிட்டால் நான்கும் தரையில் உட்காரும்.

ஆக்சிலை எங்கே வைப்பது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். மாட்டு வண்டியில் மூட்டை ஏற்றியவர்களுக்கு முன்பாரம், பின்பாரம் என்றால் என்னவென்று தெரியும். முன்பாரம் அதிகமானால் மாட்டின் கழுத்து புண்ணாகும், பின்பாரம் ஆனால் நுகம் மேலே தூக்கும். இங்கும் அதே நியாயம். மெஷின், கேபிள், கருவிப்பெட்டி எல்லாம் ஏற்றிய பிறகு, மொத்தப் பாரத்தில் பத்தில் ஒரு பங்கு, மிஞ்சினால் ஆறில் ஒரு பங்குதான் முன் சக்கரத்தில் விழ வேண்டும். அதற்குத் தகுந்தபடி பெரிய சக்கரங்களின் ஆக்சில், பாரத்தின் நடுப்புள்ளிக்குச் சற்றுப் பின்னால் வர வேண்டும். நடுப்புள்ளியைக் கண்டுபிடிக்கக் கணக்கு எதுவும் வேண்டாம். சட்டத்தை மட்டும் கட்டி, சாமான்களை அதனதன் இடத்தில் வைத்து, அடியில் ஒரு பைப்பைக் குறுக்கே போட்டு முன்னும் பின்னும் நகர்த்திப் பாருங்கள். எந்த இடத்தில் தராசு மாதிரி நிற்கிறதோ அங்கே சாக்பீஸில் கோடு போடுங்கள். ஆக்சில் கட்டையை அப்புறம் வெல்ட் செய்யுங்கள். இதை மட்டும் செய்தாலே வண்டி கையில் கனக்காது.

ஒற்றைச் சக்கரத்தில் ஓர் ஆபத்தும் உண்டு. பாரம் அதன் பக்கம் நகர நகர, வண்டி பக்கவாட்டில் கவிழ்வது எளிதாகிவிடும். முன்னால் இடம் காலியாக இருக்கிறதே என்று பின்னொரு நாள் ஜெனரேட்டரைத் தூக்கி அங்கே வைக்காதீர்கள்.

கேள்வி: 20 எம்.எம். ஷாஃப்ட் போதுமா, 25 வேண்டுமா? பேரிங்கா, புஷ்ஷா?
— ரிக் வண்டியில் வெல்டர், திருச்செங்கோடு

பதில்: பட்டறைக்குள் ஓடும் வண்டிக்கு 20 போதும். நீங்கள் போர் போடும் இடத்துக்கெல்லாம் இழுத்துப் போகிறவர், 25 போடுங்கள். விட்டம் கால்வாசிதான் கூடுகிறது, வளைவைத் தாங்கும் பலமோ கிட்டத்தட்ட இரண்டு மடங்கு ஆகிவிடும். பள்ளத்தில் விழும்போது வரும் அடியை 20 தாங்காமல் வளைந்துவிடும். பேரிங் 6205 அல்லது, கூட்டோடு சேர்ந்தே வரும் யுசிபி 205 பிளம்மர் பிளாக். புஷ் போட்டாலும் ஓடும். ஆனால் மண் தூசியில் கிரீஸோடு சேர்ந்து அது அரைக்கல் மாதிரி தேய்த்துவிடும். ரப்பர் சீல் உள்ள பேரிங்காகக் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: லாரிப் பட்டறை வைத்திருக்கிறோம். கேஸ் கட்டிங் செட்டுக்காக ஆக்சிஜன், டி.ஏ. (அசிட்டிலின்) சிலிண்டர் இரண்டையும் ஏற்றும் வண்டியை நாங்களே கட்டினோம். போன வாரம் யார்டில் ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கி வண்டி அப்படியே பக்கவாட்டில் சாய்ந்துவிட்டது. யாருக்கும் அடிபடவில்லை. சட்டம் எல்லாம் 50 ஆங்கிள், நல்ல பலம். எங்கே கோளாறு?
— லாரிப் பட்டறை உரிமையாளர், சங்ககிரி

பதில்: யாருக்கும் அடிபடவில்லை என்ற வரியைப் படித்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. கோளாறு பலத்தில் இல்லை, அகலத்தில் இருக்கிறது. சக்கரத்துக்குச் சக்கரம் எவ்வளவு என்று நீங்கள் எழுதவில்லை. ஆனால் பெரும்பாலானவர்கள் இரண்டு சிலிண்டரின் அகலத்தைப் பார்த்து 60 செ.மீ. வைக்கிறார்கள்.

கணக்கைப் பாருங்கள். 7 கன மீட்டர் ஆக்சிஜன் சிலிண்டர் ஏறக்குறைய 5 அடி உயரம், காலியாகவே 50 கிலோவுக்கு மேல். உள்ளே இருக்கும் வாயு 9 கிலோ சொச்சம்தான். ஆகவே காலி சிலிண்டர்தானே என்று எண்ணவே கூடாது. தட்டின் உயரத்தையும் சேர்த்தால் பாரத்தின் நடுப்புள்ளி தரையிலிருந்து சுமார் 80 செ.மீ. மேலே நிற்கும். அகலம் 60 என்றால் வண்டி 20 டிகிரி சாய்ந்ததுமே கவிழும். 15 செ.மீ. பள்ளத்தில் ஒரு சக்கரம் இறங்கினால் அப்போதே 14 டிகிரி போயாயிற்று. மிச்சம் 6 டிகிரி, அதற்கு ஒரு குலுக்கல் போதும். அகலத்தை 90 ஆக்குங்கள். அதே பள்ளத்தில் 10 டிகிரிக்குள்தான் சாயும், கவிழ 29 டிகிரி வேண்டும். 50 ஆங்கிளை 75 ஆங்கிள் ஆக்கினாலும் இந்தப் பாதுகாப்பு வராது.

அடுத்தது தட்டின் உயரம். ஆக்சிலுக்கு மேலே தட்டை வைத்துச் சிலிண்டரை நிறுத்துகிறோம், அதுதான் கட்டுவதற்கு எளிது. அப்படிச் செய்யாமல் முழு நீள ஷாஃப்டை விட்டுவிட்டு, இரண்டு பக்கமும் துண்டு ஷாஃப்ட் வைத்து, தட்டை நடுவில் கீழே தொங்கவிடுங்கள். 16 அங்குலச் சக்கரத்தில் ஆக்சில் தரையிலிருந்து 20 செ.மீ. உயரத்தில் இருக்கும். தட்டு 10 அல்லது 12 செ.மீ. உயரத்தில் இருந்தால் கல்லிலும் இடிக்காது, நடுப்புள்ளியும் இறங்கிவிடும்.

சிலிண்டருக்குச் சங்கிலி ஒன்று போதாது, கீழ் மூன்றில் ஒரு பங்கில் ஒன்று, மேல் மூன்றில் ஒரு பங்கில் ஒன்று என்று இரண்டு. ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனியாக. இரண்டையும் ஒரே சங்கிலியில் சுற்றினால், ஒன்றை மாற்றும்போது மற்றதும் பிடிமானம் இல்லாமல் நிற்கும், ஆள் அசந்த நேரத்தில் சாயும். சங்கிலிக்கு அடியில் வளைந்த பட்டையை வைத்து, அதில் பழைய டியூப் ரப்பரை ஒட்டிவிடுங்கள், சிலிண்டர் ஆடாது. கறுப்பு ஆக்சிஜன் சிலிண்டருக்கும் மெரூன் டி.ஏ. சிலிண்டருக்கும் நடுவே 3 எம்.எம். தகடு ஒன்றை நிறுத்துங்கள்.

விழுந்த டி.ஏ. சிலிண்டரை என்ன செய்தீர்கள் என்று எழுதவில்லையே? அதைச் சொல்லியே ஆக வேண்டும். அதன் உள்ளே அசிட்டோனில் கரைந்துதான் அசிட்டிலின் இருக்கிறது. படுத்துக் கிடந்ததை நிமிர்த்தியதும் திறந்தால் அசிட்டோனும் சேர்ந்து ஹோஸில் வரும். நிமிர்த்திப் பல மணி நேரம் நிற்கவிட்ட பிறகே எடுக்க வேண்டும். விழுந்ததில் வால்வுக்கு அடிபட்டிருந்தால், லேசாக ஒழுகினாலும், திறந்த வெளியில் தள்ளி வைத்துவிட்டு ஏஜென்சிக்குச் சொல்லுங்கள். டி.ஏ. ரெகுலேட்டரில் ஹோஸ் பக்க அழுத்தம் (சதுர செ.மீ.க்கு) ஒரு கிலோவைத் தாண்டவே கூடாது. வால்வை ஒன்றரைச் சுற்றுக்கு மேல் திறக்க வேண்டியதில்லை. வால்வைத் திறக்கும் சாவி வேலை முடியும்வரை வால்விலேயே இருக்கட்டும். வண்டியில் ஒரு சின்னச் சங்கிலியில் அதைக் கட்டிவிட்டால், அவசரத்தில் யாரும் தேட வேண்டாம்.

இன்னும் ஒன்று. வண்டிக்குப் பேரிங் போட்டிருக்கிறோம், அதற்கு கிரீஸ் வைப்போம். அந்தக் கையோடு ஆக்சிஜன் ரெகுலேட்டரைத் தொடக் கூடாது. அழுத்தத்தில் வரும் ஆக்சிஜன் எண்ணெயைத் தானே பற்ற வைத்துவிடும். கிரீஸ் டப்பாவையும் எண்ணெய்த் துணியையும் இந்த வண்டியின் பெட்டியில் வைக்காதீர்கள், வேறு எங்காவது வையுங்கள். வேலை இல்லாத நாள்களில் சிலிண்டர்களை இறக்கி, ஆக்சிஜனையும் எரிவாயுவையும் குறைந்தது 6 மீட்டர் தள்ளியோ, நடுவில் சுவர் வைத்தோ நிறுத்துங்கள். தீ ஹோஸுக்குள் பின்னோக்கிப் போகாமல் தடுக்கும் ஃப்ளாஷ்பேக் அரெஸ்டர் இரண்டு ஹோஸுக்கும் கட்டாயம். அந்தக் காசை மிச்சப்படுத்துகிறவர்களிடம் எனக்குக் கோபம் வரும்.

கேள்வி: தோப்பு தோப்பாகப் போய் வேலை செய்கிறேன். வண்டிக்கு ஒரு கொக்கி வைத்து டிவிஎஸ் எக்ஸ்எல் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு போகலாமா? சிலிண்டர் சின்னதுதான்.
— வெல்டர், பொள்ளாச்சி

பதில்: வேண்டாம் தம்பி. வாயு நிரப்பிய சிலிண்டரைச் சைக்கிளிலோ மோட்டார் பொருத்திய இருசக்கர வண்டியிலோ கொண்டுபோகக் கூடாது என்று 2016ஆம் ஆண்டின் கேஸ் சிலிண்டர் விதிகளே சொல்கின்றன. பின்னால் கட்டி இழுத்தாலும் ஆபத்து அதேதான். பிரேக் போட்டதும் பின்னால் வரும் பாரம் உங்களைத் தள்ளும், எக்ஸ்எல் அதைத் தாங்காது. சிலிண்டர் தேவைப்படும் வேலைக்கு வாடகை வண்டி பேசிக்கொள்ளுங்கள், அந்தக் கூலியை வேலையிலேயே சேர்த்துக் கேளுங்கள். ஆர்க் வேலைக்கு மட்டும் என்றால் சின்ன இன்வெர்ட்டர் மெஷினைத் தோளில் மாட்டிக்கொண்டே போய்விடலாம்.

உங்கள் ஊர் என்பதால் இதையும் சொல்கிறேன். தென்னை நாரும் மட்டைத் தூளும் கிடக்கும் இடத்தில் பொறி விழுந்தால் உடனே எரியாது. உள்ளுக்குள் கனிந்துகொண்டே இருந்து, நீங்கள் வீடு போய்ச் சேர்ந்த பிறகு பற்றும். வண்டியில் தண்ணீர்க் குடம் ஒன்றும் பவுடர் தீயணைப்பான் ஒன்றும் இருக்கட்டும். வேலை முடிந்து ஒரு மணி நேரமாவது அங்கே இருந்து பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

கேள்வி: நான் ஐ.டி.ஐ.யில் வெல்டர் பிரிவில் படிக்கிறேன். அப்பாவுக்கு கிரில் பட்டறை. ராடு வைத்துப் போடும் ஆர்க் மெஷினும், வயர் ஸ்பூலும் வாயுவும் வைத்துப் போடும் மிக் மெஷினும் இருக்கின்றன. இரண்டுக்கும் சேர்த்து ஒரு வண்டியை நானே கட்டிக் காட்ட வேண்டும் என்று ஆசை. அப்பா, "முதல்ல படத்தைப் போட்டுக் காட்டு" என்கிறார். எப்படித் தொடங்குவது?
— மாணவி, கோபிசெட்டிபாளையம்

பதில்: அம்மணி, உன் கடிதத்தைப் படித்து வெகு சந்தோஷம். அப்பா சொன்னது சரி. ஆனால் படத்தைக் காகிதத்தில் போடாதே, பட்டறைத் தரையில் சாக்பீஸால் நிஜ அளவில் போடு. இரண்டு மெஷினையும் சிலிண்டரையும் கோட்டுக்குள் நிறுத்திப் பார். கேபிள் எங்கே வளைகிறது, எந்தக் கதவு திறக்கிறது, எங்கே கை எட்டவில்லை என்பதெல்லாம் தரையிலேயே தெரிந்துவிடும்.

மிக் மெஷினின் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரில் வாயு மட்டும் 30 கிலோ இருக்கும். அதனால் அது தட்டின் பின்பக்கம், தரையை ஒட்டி நிற்க வேண்டும். ஒருவர் சாய்த்து உருட்டியே ஏற்றும்படி பின்தட்டை 5 செ.மீ.க்கு மேல் உயர்த்தாதே, அதற்குத் தகுந்த சின்ன நிலைச் சக்கரத்தை அந்தப் பக்கம் போடு. கைப்பிடி இருக்கும் முன்பக்கம் சுழலும் காஸ்டர் இரண்டு, பிரேக் வைத்தது. ஆர்க் மெஷின் கனமானது என்றால் அது கீழ்த்தட்டில், மிக் மேல்தட்டில். மேல்தட்டின் உயரம் உன் முழங்கை உயரத்துக்குச் சற்றுக் கீழே இருக்கட்டும். கடைகளில் விற்கும் வண்டிகளின் உயரத்தைப் பார்த்துக் கட்டாதே, உன் உயரத்துக்குக் கட்டு. வயர் ஸ்பூல் 15 கிலோ. அதைத் தோளுக்கு மேல் தூக்கி மாட்டும்படி வைத்தால் தினமும் அவஸ்தை.

சக்கரம் நைலானில் வாங்கு. கிரில் பட்டறைத் தரையில் கிரைண்டர் தூளும் இரும்புச் சுருளும் எப்போதும் கிடக்கும். ரப்பரில் அவை குத்திக்கொண்டு நிற்கும், சூடான ஸ்லாக் விழுந்தால் கருகும்.

சட்டத்துக்கு 40×40×5 ஆங்கிள் மீட்டருக்கு 3 கிலோ. 40×40×2 சதுரப் பைப் 2.3 கிலோதான். மூடிய வடிவம் என்பதால் முறுக்குக்கு ஆங்கிளைவிடப் பல மடங்கு தாங்கும். நானாக இருந்தால் பைப்தான். ஆனால் 2 எம்.எம். சுவரில் ஓட்டை விழாமல் ஆர்க் போட உனக்குக் கை பழகியிருக்க வேண்டும். மிக் இருப்பதால் அதிலேயே போடலாம். ஆங்கிள் என்றால் பத்து கேஜ் ராடில் 100, 110 ஆம்பியர் வைத்துப் போடு.

எடுத்தவுடன் முழு வெல்டிங் வேண்டாம். நான்கு மூலையிலும் டேக் (சின்னப் புள்ளி வெல்ட்) வைத்து, இரண்டு மூலைவிட்டத்தையும் டேப் பிடித்து அள. இரண்டும் ஒன்றாக வந்தால்தான் சட்டம் சதுரம். வரவில்லை என்றால் நீளமாக வந்த மூலைவிட்டத்தின் மூலையில் சுத்தியால் தட்டிச் சரிசெய். பிறகு ஒரு மூலையை முடித்ததும் எதிர் மூலைக்குப் போ. பக்கத்துப் பக்கத்து மூலையாகப் போட்டுக்கொண்டே வந்தால் சூட்டில் இழுத்துச் சட்டம் கோணிக்கொள்ளும். கடையில் மீதமிருக்கும் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய) பைப்பை எடுக்காதே. துத்தநாகப் புகையை மூச்சில் இழுத்தால் அன்று ராத்திரியே குளிரும் காய்ச்சலும் வரும். வேறு வழியே இல்லை என்றால், வெல்ட் வரும் இடத்தில் பூச்சைச் சுத்தமாக கிரைண்டரில் எடுத்துவிட்டு, காற்றோட்டமான இடத்தில் வைத்துப் போடு.

கேபிள் மாட்ட ஆணி மாதிரி ஒற்றைக் கம்பியை வைத்துவிடுகிறார்கள். அதில் கேபிள் ஒரே இடத்தில் மடிந்து உள்ளே செம்பு இழைகள் ஒவ்வொன்றாக அறுந்துபோகும். 6 அங்குலப் பைப்பில் பாதியை நெடுக்காக அறுத்து, வளைவு மேலே வரும்படி வெல்ட் செய்தால் கேபிள் அதன் மேல் நல்ல வட்டமாகத் தொங்கும். ஹோல்டர் கேபிளுக்கு ஒன்று, எர்த் கேபிளுக்கு ஒன்று. மின்சாரம் வரும் எக்ஸ்டென்ஷன் வயரை மட்டும் சுருளாக வைத்தே வேலை செய்யக் கூடாது, முழுவதும் பிரித்துப் போட்டுத்தான் மெஷினை ஓட்ட வேண்டும். சுருளுக்குள் சூடு வெளியேற வழியில்லாமல் ரப்பர் உருகும்.

எர்த் கிளாம்ப் எப்போதும் வேலைப் பொருளில்தான் கடிக்க வேண்டும். வண்டியின் சட்டத்தில் கடிக்கவிட்டு, பொருள் வண்டியைத் தொட்டுக்கொண்டிருக்கிறதே என்று ஆர்க் போட்டால், கரண்ட் பேரிங்கின் குண்டுகள் வழியாகவும் போகலாம், போனால் அவற்றைக் குழி குழியாக்கிவிடும். சிலிண்டரும் அதே சட்டத்தில்தானே நிற்கிறது? சிலிண்டர் மேல் ஒரு பொறிகூட ஆர்க் அடிக்கக் கூடாது. சிலிண்டர் நிற்கும் தட்டில் ரப்பர் மேட் போடு. ஹோல்டரை மாட்டும் கொக்கியைச் சிலிண்டருக்கு எதிர்ப்பக்கம் வை, அதற்கும் ஒரு ரப்பர் குழாயை நுழைத்துவிடு.

கட்டி முடித்ததும் அளவுகளோடு எழுது. ராடு டப்பாவை மிக் மெஷினின் மேல்தட்டிலேயே ஓர் ஓரத்தில் மூடியோடு வைத்தால் ஈரம் ஏறாது.

கேள்வி: காட்டுக்குள் போய் வந்தாலே பஞ்சர். வேல முள் டயரில் தைத்துக்கொண்டே இருக்கிறது.
— வேலிக் கம்பி வேலை செய்பவர், காங்கேயம்

பதில்: கொறங்காட்டில் (நம் பக்கத்து மேய்ச்சல் காடு) வெள்வேல் மரமும் கிளுவை வேலியும் இருக்கும்வரை முள்ளும் இருக்கும், அது இருக்கட்டும். டயருக்கும் டியூபுக்கும் நடுவே பழைய டியூபைப் பிளந்து ஒரு சுற்றுப் போடுங்கள், நுனிகளைச் சரிவாகச் சீவிவிடுங்கள், இல்லாவிட்டால் அந்த விளிம்பே டியூபை அறுக்கும். இதற்கும் அடங்காவிட்டால் டிராலிக்கு வரும் முழு ரப்பர் டயர் வாங்கிவிடலாம். குலுங்கும், ஆனால் நிற்காது. குலுக்கலால் மெஷினுக்குள் ஸ்க்ரூ தளரும். மெஷினுக்கு அடியில் கெட்டியான ரப்பர் துண்டு நான்கு வையுங்கள்.

கேள்வி: நீங்கள் முன்பு எழுதியபடி அகலமாக வண்டி கட்டிவிட்டேன். இப்போது அதைக் குட்டி யானையில் ஏற்றி இறக்குவதுதான் பெரும்பாடு.
— மில் பராமரிப்பு வேலை எடுப்பவர், பெருந்துறை

பதில்: சரிவுப் பலகை கட்டிக்கொள்ளுங்கள். டெக்கின் (வண்டியின் பின்தளம்) உயரத்தை நீங்களே அளந்து, அதைப் போல் நான்கு மடங்காவது பலகையின் நீளம் இருக்க வேண்டும். அப்போது 150 கிலோ வண்டியை ஏற்ற 37 கிலோ அளவுக்குத் தள்ளினால் போதும், சக்கரத்தின் உராய்வுக்குக் கொஞ்சம் கூட வரும். ஒரே அகலப் பலகையைவிட இரண்டு சேனல் (பள்ளம் உள்ள U வடிவ இரும்பு) நல்லது. சக்கரம் சேனலின் பள்ளத்துக்குள்ளேயே ஓடும், விலகாது. முன் சக்கரத்துக்கு நடுவில் ஒரு பலகை தனியாக வேண்டும். சேனலின் மேல் முனையில் கொக்கி வைத்து டெக்கின் துளையில் மாட்டி, கழலாமல் ஒரு பின்னையும் சொருகுங்கள். வெறுமனே சாற்றி வைத்தால் பாதி ஏறும்போது நழுவும்.

சிலிண்டரைத் தனியாக இறக்கிவிட்டு வண்டியை ஏற்றுங்கள், பிறகு மூடி போட்ட சிலிண்டரை டெக்கின் முன்சுவரோடு நிமிர்த்திக் கட்டுங்கள். தார்ப்பாயால் இறுக்கமாக மூடாதீர்கள், காற்று போக வேண்டும். இறக்கும்போது வண்டிக்குக் கீழ்ப்பக்கம் யாரும் நிற்க வேண்டாம். கைப்பிடியில் கயிற்றைக் கட்டி, டெக்கின் கம்பியில் ஒரு சுற்றுச் சுற்றி, மேலே நிற்பவர் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுக்க வேண்டும்.